மூலைக் கழுக்கோலை வெட்டும் முன்: நாலு சரிவுக் கூரைக் கணக்கு முழுசாக

எங்கள் வீட்டு விறகுப்புரையில் ஓர் அயனி மரம் சும்மா கிடக்கிறது. ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், ஒரு முனையில் அழகாகச் சீவிய சாய்வெட்டு. அது கூரையின் மூலைக்கோட்டில் சரிவாக ஓடும் மூலைக் கழுக்கோலாக மேலே ஏறியிருக்க வேண்டியது. ஏற்றிப் பார்த்தபோது 15 சென்டிமீட்டர் குட்டை. ஆசாரி என்னைப் பார்த்தார், நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். கணக்கில் தப்பே இல்லை. அளந்த இடம்தான் தப்பு: சுவர்மேல் படுத்திருக்கும் உத்தரத்தின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டியதை உள் விளிம்பிலிருந்து அளந்து கொடுத்தவன் நான்தான். உத்தரம் 10 சென்டி அகலம், அது மூலையில் போய் 15 ஆகிவிட்டது.

அதனால் இந்த வழிகாட்டியில் கணக்கை விட, எங்கே தொடங்கி எங்கே முடித்து அளப்பது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கம் தெரிந்தால் மூன்றாவது பக்கம் வரும், அவ்வளவுதான். போன் கால்குலேட்டரில் வர்க்கமூலம் இருந்தால் போதும்.

முதலில் பெயர்கள்

கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் மர வேலைச் சொற்கள் பலவும் திருவிதாங்கூர் காலத்துச் சொற்கள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் ஆசாரிமார் வாயில் மோந்தாயம் மோந்தாயமாகவே இருந்துவிட்டது. வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சுவரின் மேல் படுத்திருக்கும் மரம் உத்தரம். உச்சியில் நீளவாக்கில் ஓடுவது மோந்தாயம். உத்தரத்திலிருந்து மோந்தாயத்துக்குச் சரிவாக ஏறுவது கழுக்கோல், மற்ற ஊர்களில் கைமரம். நாலு பக்கமும் சரிவு உள்ள கூரையில் இரண்டு சரிவுகள் சந்திக்கும் மூலைக்கோட்டில் ஓடுவது மூலைக் கழுக்கோல், கோடிக் கழுக்கோல் என்றும் சொல்வதுண்டு. உத்தரத்தில் தொடங்கி மோந்தாயம் வரை போகாமல் வழியிலேயே மூலைக் கழுக்கோலில் போய் முட்டி நிற்பவை இருக்கின்றனவே, அவற்றை இங்கே குட்டைக் கழுக்கோல் என்கிறேன். முழுசாக மோந்தாயம் வரை போவது முழுக் கழுக்கோல். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இறவாணம்.

மரமா, ஜிஐ பைப்பா என்பது பிரச்சினை இல்லை. இப்போது மொட்டை மாடிக்கு மேல் டிரஸ் அடித்து ஷீட் போடுகிறவர்களுக்கும் இதே எண்கள்தான், கனக் கழிவு மட்டும் பைப் அளவுக்கு மாறும்.

எடுத்துக்காட்டு வீடு

உத்தரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 600 சென்டி அகலம், 900 சென்டி நீளம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் ஒரே சரிவு. இது முக்கியம், ஒரு பக்கம் நிமிர்ந்தும் ஒரு பக்கம் படுத்தும் இருந்தால் மூலைக் கழுக்கோல் மேலிருந்து பார்க்கையில் 45 டிகிரியில் ஓடாது, கீழே வரும் கணக்கில் பாதி செல்லாது.

அடி அங்குலத்தில் வேலை செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. பாதி அகலம் 10 அடி என்றால், கீழே வரும் கணக்குப்படி கழுக்கோல் நீளத்தைக் கால்குலேட்டர் 11.66 என்று காட்டும். அதை 11 அடி 6 அங்குலம் என்று எழுதிக் கொடுத்து மரத்தை நாசமாக்கியவர்கள் உண்டு. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அடியின் பின்னம், அதை 12-ஆல் பெருக்க வேண்டும்: 0.66 × 12 கிட்டத்தட்ட 8, ஆக 11 அடி 8 அங்குலம். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் நான் சென்டிமீட்டருக்கு மாறினேன். முழக்கோல் வைத்து வேலை செய்த பழைய ஆசாரிமாருக்கும் இது ஒத்துவரும், 24 விரல் கொண்ட கோல் 72 சென்டி, அப்படியென்றால் ஒரு விரல் சரியாக 3 சென்டி. நம் வீட்டின் பாதி அகலமான 300 சென்டி அவர்கள் கணக்கில் 100 விரல்.

மூலை மட்டம் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள்

உத்தரம் படுத்தவுடன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளக்க வேண்டும். 600-க்கு 900 என்றால் மூலைவிட்டம் 1081.7 சென்டி வர வேண்டும் (600-இன் வர்க்கம் 3,60,000, 900-இன் வர்க்கம் 8,10,000, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம்). இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் மூலைகள் செங்கோணம். ஒன்று 1080, மற்றது 1084 என்று வந்தால் கட்டடம் கோணியிருக்கிறது. பழைய சுவரென்றால் அநேகமாகக் கோணித்தான் இருக்கும். அப்போது சுவரோடு மல்லுக்கட்டாமல் உத்தரத்தை மட்டும் நகர்த்தி மட்டமாக்குங்கள், சுவரில் ஒரு பக்கம் ஒரு விரல் உள்ளே போனாலும் பூச்சில் மறைந்துவிடும். கூரை கோணினால் மறையாது. டியூப் மட்டம் வைத்து நாலு மூலையும் ஒரே உயரமா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரிவைத் தீர்மானிப்பது

ஒரு சென்டி உள்ளே போனால் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதுதான் சரிவு. நான் 0.6 எடுத்துக்கொள்கிறேன், அதாவது 100 சென்டி போனால் 60 சென்டி ஏற்றம், கிட்டத்தட்ட 31 டிகிரி. நம் ஊருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஓட்டுக் கூரையைப் படுக்கப் போட்டால் காற்றோடு வரும் சாரல் ஓட்டின் இடுக்கில் ஏறி உள்ளே சொட்டும். ரொம்ப நிமிர்த்தினால் மரமும் ஓடும் கூடுதலாகப் பிடிக்கும், காற்றும் கூடுதலாகத் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வீடு என்றால் காற்றைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது சும்மாவா. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது பார்த்தோமே. என்ன சரிவு வைத்தாலும் கழுக்கோலை உத்தரத்தோடும், உத்தரத்தைச் சுவரோடும் போல்ட்டும் பட்டையும் போட்டுப் பிணைக்க வேண்டும், ஆணி மட்டும் போதாது.

ஏற்றம் = 300 × 0.6 = 180 சென்டி. பாதி அகலம் 300, ஏற்றம் 180. இந்த இரண்டு எண்ணை ஒரு பலகையில் பெரிதாக எழுதி மாட்டி வையுங்கள், இனி வருவதெல்லாம் இதிலிருந்துதான்.

முழுக் கழுக்கோல்

அடி 300, உயரம் 180 உள்ள செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கம். 300 × 300 = 90,000. 180 × 180 = 32,400. கூட்டினால் 1,22,400. வர்க்கமூலம் 349.86.

அதாவது உத்தரத்தின் வெளி விளிம்பிலிருந்து மோந்தாயத்தின் நடுக்கோடு வரை 349.86 சென்டி. வெளி விளிம்பு, நடுக்கோடு. இந்த இரண்டு சொல்லையும் நான் மறந்ததால்தான் விறகுப்புரையில் அயனி கிடக்கிறது.

இதையே பெருக்கு எண்ணாக மாற்றி வைத்துக்கொண்டால் வேலை சுலபம்: 349.86 ÷ 300 = 1.1662. கிடையாக ஒரு சென்டி போனால் சரிவில் 1.1662 சென்டி. இறவாணம் கிடையாக 60 சென்டி நீட்ட வேண்டுமா? 60 × 1.1662 = 69.97. 70 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக முழுக் கழுக்கோலின் மொத்த நீளம் 349.86 + 69.97 = 419.83. இறவாண நுனி உத்தரத்தை விட 60 × 0.6 = 36 சென்டி கீழே இறங்கியிருக்கும் என்பதையும் இப்போதே பாருங்கள், ஜன்னல் மேல்சட்டம் இடிக்கும் வீடுகள் இருக்கின்றன. அப்புறம் தலையைச் சொறிந்து பயனில்லை.

மூலைக் கழுக்கோல்

இதுதான் எல்லாருக்கும் பயம். மேலிருந்து பார்த்தால் மூலைக் கழுக்கோல் 300-க்கு 300 சதுரத்தின் மூலைவிட்டமாக ஓடுகிறது. அதன் கிடை ஓட்டம் 300 × 1.4142 = 424.26. ஏற்றம் அதே 180-தான், ஏனென்றால் முழுக் கழுக்கோலும் மூலைக் கழுக்கோலும் ஒரே உத்தர மட்டத்தில் தொடங்கி ஒரே மோந்தாயத்தில் முடிகின்றன. 424.26-இன் வர்க்கம் 1,80,000. அதோடு 32,400. மொத்தம் 2,12,400. வர்க்கமூலம் 460.87.

சரிபார்க்க இன்னொரு வழி உண்டு, எனக்குப் பிடித்த வழி அதுதான். சரிவுப் பரப்பிலேயே படுத்துக்கொண்டு பாருங்கள்: உத்தரத்தோடு ஒரு பக்கம் 300, அதற்குச் செங்குத்தாக முழுக் கழுக்கோல் 349.86, இந்த இரண்டின் சாய்ந்த பக்கம்தான் மூலைக் கழுக்கோல். 90,000 + 1,22,400 = 2,12,400. அதே எண். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால்தான் ரம்பத்தை எடுக்க வேண்டும்.

பெருக்கு எண்: 460.87 ÷ 300 = 1.5362. கவனம், இது முழுக் கழுக்கோலின் கிடை ஓட்டத்தைத்தான் பெருக்கும், மூலைவிட்டத்தை அல்ல. இறவாணத்துக்கு 60 × 1.5362 = 92.17. மொத்தம் 553.04 சென்டி. மரம் வாங்கப் போகும்போது ஆறு மீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள்.

சரிவு வேறாக இருந்தால் பெருக்கு எண்களும் மாறும். 0.5 சரிவுக்கு 1.118-ம் 1.5-ம். 0.7-க்கு 1.2207-ம் 1.578-ம். 0.75-க்கு 1.25-ம் 1.6008-ம். பொதுவாகச் சொன்னால் சரிவின் வர்க்கத்தோடு 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் முழுக் கழுக்கோலுக்கு, 2 கூட்டி எடுத்தால் மூலைக்கு. கணக்கு பிடிக்காதவர்கள் 0.5 அல்லது 0.75 வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், எண்கள் வழவழவென்று வரும்.

மோந்தாயம்

நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் போதும்: 900 − 600 = 300. இது நடுக்கோட்டுக் கணக்கு. கழுக்கோல் 4 சென்டி கனம் என்றால் இரண்டு முனையிலும் 2 சென்டி கூட்டி 304-ஆக வெட்டுங்கள், அப்போது கடைசி முழுக் கழுக்கோல்களின் வெளி முகத்தோடு மோந்தாய முனை சமமாக நிற்கும், குறுக்குப் பக்கத்திலிருந்து வரும் நடுக் கழுக்கோல் அதில் நேராக முட்டும். வீடு சதுரமாக இருந்தால் மோந்தாயமே கிடையாது, நாலு மூலைக் கழுக்கோலும் ஒரு புள்ளியில் கூடும்.

மலையாளத்தில் ஒரு பழஞ்சொல் உண்டு, மோந்தாயம் வளைந்தால் அறுபத்துநாலும் வளையும் என்று. காரணவரை, அதாவது குடும்பத் தலைவரைப் பற்றிச் சொல்வது என்றாலும் கூரைக்கும் அது அப்படியே உண்மை. மோந்தாயத்துக்கு மட்டும் நல்ல நேரான மரமாகப் பாருங்கள்.

குட்டைக் கழுக்கோல்கள்

கழுக்கோல் இடைவெளி நடுவிலிருந்து நடுவுக்கு 60 சென்டி. மூலையிலிருந்து உத்தரத்தில் 60, 120, 180, 240 என்று குறித்துக்கொண்டே போனால் 300-இல் முழுக் கழுக்கோல் வந்துவிடும். மூலைக் கழுக்கோல் 45 டிகிரியில் ஓடுவதால், மூலையிலிருந்து 60 தள்ளி நிற்கும் குட்டையின் கிடை ஓட்டமும் 60-தான். அதனால் நீளம் 60 × 1.1662 = 69.97. அடுத்தது 139.94, அடுத்தது 209.91, அடுத்தது 279.89. ஒவ்வொன்றும் முந்தையதை விட 69.97 கூடுதல், கடைசியில் இன்னொரு 69.97 கூட்டினால் முழுக் கழுக்கோலின் 349.86 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

இவற்றோடு இறவாணத்தின் 69.97-ஐயும் சேர்த்தால் 139.94, 209.91, 279.89, 349.86. ஒரு மூலைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு, நாலு மூலைக்கு முப்பத்திரண்டு, ஒவ்வோர் அளவிலும் எட்டு.

இதில் மரம் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டுங்கள்: 489.8. நடுவில் உள்ள இரண்டையும் கூட்டுங்கள்: 489.8. ஐந்து மீட்டர் மரம் ஒன்றில் எப்போதும் இரண்டு குட்டை வெட்டலாம், பதினாறு மரத்தில் முப்பத்திரண்டும் முடிந்தது. நடுவில் போடும் ஒரே சாய்வெட்டு இரண்டுக்கும் தலையாகிவிடும். மரக்கடையில் நாலு விதமான நீளம் கேட்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறவாண நுனியில் மூலைக் கழுக்கோலுக்கும் முதல் குட்டைக்கும் இடையே 120 சென்டி இடைவெளி விழும். ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பர் அங்கே தொங்கும். மூலையின் இரண்டு பக்கமும் இறவாணம் மட்டும் நீளமுள்ள ஒரு பொடித்துண்டு மூலைக் கழுக்கோலில் முட்டிப் போட வேண்டும், மொத்தம் எட்டு.

கனக் கழிவு

இதுவரை வந்தது நடுக்கோட்டு நீளம். மரத்துக்குக் கனம் இருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டும். மோந்தாயமும் கழுக்கோலும் 4 சென்டி கனம், மூலைக் கழுக்கோல் 5 சென்டி கனம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முழுக் கழுக்கோல் மோந்தாயத்தின் முகத்தில் முட்டுகிறது, நடுக்கோடு வரை போவதில்லை. பாதிக் கனம் 2 சென்டி, சரிவில் 2 × 1.1662 = 2.33. அதைக் கழியுங்கள். மூலைக் கழுக்கோல் இரண்டு முழுக் கழுக்கோல்களுக்கு நடுவே உள்ள மூலையில் போய்ச் செருகுகிறது: 2 × 1.5362 = 3.07 கழியுங்கள். குட்டைகள் மூலைக் கழுக்கோலின் பக்கவாட்டில் 45 டிகிரியில் முட்டுகின்றன, அதனால் பாதிக் கனம் 2.5-ஐ 1.4142-ஆல் பெருக்கி, பிறகு 1.1662-ஆல் பெருக்க வேண்டும்: 4.12. இந்தக் கழிவை எல்லாம் மரத்தின் நடுக்கோட்டில் குறிக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. பொடித்துண்டுகளுக்கும் அதே 4.12, அதாவது 66 சென்டிக்குக் கொஞ்சம் குறைவு.

கழிக்கும்போது சரிவோடு அளந்து கழிப்பதா, கிடையாக அளந்து கழிப்பதா என்று குழப்பம் வரும். நான் சொன்ன 2.33, 3.07, 4.12 மூன்றும் சரிவோடு அளப்பதற்கானவை.

வெட்டுகள்

கோணமானி தேவையில்லை. அட்டையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள்: முழுக் கழுக்கோலுக்கும் குட்டைக்கும் அடி 50, உயரம் 30. மூலைக்கு அடி 70.7, உயரம் 30. சாய்ந்த பக்கத்தை மரத்தின் மேல்விளிம்போடு வைத்தால் ஒரு பக்கம் நட்டக்குத்துக் கோட்டையும், மறுபக்கம் கிடைக்கோட்டையும் கொடுக்கும். டிகிரியில் கேட்டால் முழுக் கழுக்கோல் 31, மூலைக் கழுக்கோல் 23. மூலையில் சரிவு குறைவு என்பதை மறந்து 31-ஐயே அங்கும் வெட்டுவது புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு.

குட்டையின் தலைக்கு இரட்டைச் சாய்வு வேண்டும். அதற்கு நான் கற்றுக்கொண்ட முறை: மரத்தின் பக்கவாட்டில் நட்டக்குத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, மரத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு (நமக்கு 4 சென்டி) தள்ளி இன்னொரு நட்டக்குத்துக் கோடு போடுங்கள். முதல் கோட்டின் உச்சியை எதிர் முகத்துக்கு மூலைமட்டம் வைத்துக் கொண்டுபோய், மேல்முகத்தில் அதையும் இரண்டாவது கோட்டின் உச்சியையும் குறுக்காகச் சேர்த்தால் வெட்டுக்கோடு கிடைத்துவிடும். நடுக்கோட்டு நீளம் இந்தச் சாய்ந்த கோட்டின் நடுவில் விழ வேண்டும். இடது, வலது என்று ஜோடி ஜோடியாக வெட்ட வேண்டும், எட்டையும் ஒரே கைப்பக்கமாக வெட்டிவிட்டால் நாலு வீண். மூலைக் கழுக்கோலின் தலைக்கும் இதே முறைதான், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பாதிக் கனம் 2.5 சென்டி தள்ளிக் கோடு போட்டால் கூர்மூக்கு வரும்.

உத்தரத்தில் உட்காருவதற்காகக் கழுக்கோலின் அடியில் வெட்டும் பள்ளம், அதாவது கொத்து, எல்லாக் கழுக்கோலிலும் ஒரே மாதிரி விழ வேண்டும். கொத்தின் ஆழத்தை அளக்காதீர்கள், மேலே மீதி நிற்கும் மரத்தை அளங்கள்: உத்தரத்தின் வெளி விளிம்பிலிருந்து நட்டக்குத்தாகக் கழுக்கோலின் மேல்விளிம்பு வரை 8 சென்டி என்று வைத்தால் எல்லா முழுக் கழுக்கோலிலும் குட்டையிலும் 8. மரத்தின் அகலம் ஒன்றிரண்டு மில்லி கூடக்குறைய இருந்தாலும் மேல்பரப்பு சமமாக வரும். மோந்தாயத்தின் மேல்விளிம்பும் 180-இல் அல்ல, 188-இல் நிற்கும் என்று முட்டுக்கட்டை வைக்கும்போதே நினைவில் வையுங்கள்.

மூலைக் கழுக்கோலில் மட்டும் 8 வைத்தால் அதன் இரண்டு மேல் ஓரமும் ஓட்டுப் பரப்புக்கு மேலே துருத்தும், ரீப்பர் எகிறும். எவ்வளவு இறக்க வேண்டும்? பாதிக் கனத்தை 1.4142-ஆல் வகுத்துச் சரிவால் பெருக்குங்கள்: 2.5 ÷ 1.4142 × 0.6 = 1.06. ஆக மூலையில் 8-க்குப் பதில் 6.94, ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் 8-ஐயே வைத்து மேல்முகத்தை இரண்டு பக்கமும் இழைத்துச் சரிக்கலாம், அது பார்க்க அழகு, ஆனால் இழைப்புளி பிடிக்கும் கைக்குத்தான் தெரியும்.

மூலைக் கழுக்கோலின் அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. குட்டை 10 சென்டி அகலம் என்றால் அதன் நட்டக்குத்து வெட்டு 11.66 நீளம் இருக்கும். மூலையும் 10-ஆக இருந்தால் அதன் நட்டக்குத்து உயரம் 10.86-தான், குட்டையின் அடி கீழே தொங்கும். 12.5-ஆவது வேண்டும், நான் 15 போட்டேன். எந்த மரம், எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு, ஓட்டின் எடை தெரிந்த பொறியாளரிடம் கேளுங்கள்.

விசிறிக் கழுக்கோல்

நம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் குட்டைக் கழுக்கோலே இருக்காது. குறுக்குப் பக்கத்துக் கழுக்கோல்கள் எல்லாம் மோந்தாயத்தின் முனையிலிருந்து விசிறி மாதிரி விரிந்து உத்தரத்தில் இறங்கும். கழுக்கோல்களைக் குறுக்கே துளைத்து வளை என்ற மரத்தைக் கோத்து வரிசை குலையாமல் பிடித்திருப்பார்கள். தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் தரையையும் தூண்களையும் பார்த்துவிட்டு வருகிறார்கள், அங்கே கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்று பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

விசிறிக்கும் அதே முக்கோணம்தான், இன்னொரு படி மட்டும் கூடுதல். நேராக வரும் நடுக் கழுக்கோல் 349.86, அதன் வர்க்கம் 1,22,400. அதன் அடியிலிருந்து உத்தரத்தில் எவ்வளவு தள்ளி இறங்குகிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தை இதோடு கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 60 தள்ளினால் 354.96, 120-க்கு 369.86, 180-க்கு 393.45, 240-க்கு 424.26, 300-க்கு 460.87. கடைசி எண்ணைப் பார்த்தீர்களா, மூலைக் கழுக்கோல்தான் அது. ஆனால் இங்கே ஒவ்வொரு கழுக்கோலுக்கும் கொத்தின் கோணமும் தலைவெட்டும் தனித்தனி, அட்டை முக்கோணமும் ஒவ்வொன்றுக்கும் புதிதாக வெட்ட வேண்டும். பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

வாங்க வேண்டிய மரம், ஏற்றும் வரிசை

முழுக் கழுக்கோல் நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் 300, 360, 420, 480, 540, 600 என்று ஆறு, இரண்டு பக்கம் பன்னிரண்டு. குறுக்குப் பக்கம் நடுவில் ஒவ்வொன்று. மொத்தம் பதினாலு. மூலை நாலு, குட்டை முப்பத்திரண்டு, பொடித்துண்டு எட்டு, மோந்தாயம் ஒன்று. எல்லாம் சேர்த்து 168 மீட்டர் வருகிறது, வெட்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு ஜோடி முழுக் கழுக்கோல் மட்டும் வெட்டி மோந்தாயத்தை நிறுத்துங்கள். தூக்குக்குண்டு விட்டு, நடு சரியா என்று பாருங்கள். குறுக்குப் பக்க நடுக் கழுக்கோல் இரண்டையும் மாட்டுங்கள். அப்புறம் மூலைக் கழுக்கோல் ஒன்றே ஒன்றை, இறவாணத்தில் பத்து சென்டி கூடுதலாக விட்டு வெட்டி ஏற்றிப் பாருங்கள். பொருந்தினால் அதையே அச்சாக வைத்து மற்ற மூன்றையும் வெட்டலாம். ஒரேயடியாக நாலையும் வெட்டியிருந்தால் என் விறகுப்புரையில் நாலு கிடந்திருக்கும். இறவாண நுனிகளைக் கடைசியில் நூல் பிடித்து ஒரே கோட்டில் அறுத்துக்கொள்ளலாம்.

குட்டைகளை மூலையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும், ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் மூலைக் கழுக்கோல் வில் மாதிரி வளைந்து நிற்கும்.

ஓட்டுக் கணக்கு: மேலிருந்து பார்க்கும் பரப்பை 1.1662-ஆல் பெருக்குங்கள், நாலு பக்கமும் ஒரே சரிவு என்பதால் மூலைகளைத் தனியாகக் கணக்கிட வேண்டாம். இறவாணம் சேர்த்து 7.2 × 10.2 = 73.44 சதுர மீட்டர், பெருக்கினால் 85.65. கடையில் சொல்லும் எண்ணிக்கையை நம்பாமல், பத்து ஓட்டைத் தரையில் கோத்து வைத்து ஓர் ஓட்டுக்கு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளங்கள். 32-க்கு 21 சென்டி தெரிந்தால் 1,275 ஓடு, மூலைகளில் அறுத்து வீணாவதற்குச் சேர்த்து 1,400. முகட்டு ஓடு மோந்தாயத்துக்கு 3 மீட்டர், நாலு மூலைக்கு 22.1 மீட்டர், ஆக 25 மீட்டர் நீளத்துக்கு. முகட்டு ஓடு வாங்கும்போது மோந்தாய நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் மறுபடியும் வண்டி வாடகை கொடுத்தேன் நான்.